நாலு பக்கமும் மறைத்த சேலை

தேக்கா வட்டாரத்தில் பாக்கியலட்சுமியின் பெயரைச் சொன்னால், கேட்டவர் முதலில் சிரிப்பார், பிறகுதான் வழி காட்டுவார். "யாரு, மொளகா மில்லு பாக்கியமா? பாத்துப் பேசுங்க" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். எச்சரிக்கை நியாயமானதுதான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், காதர் மைதீன் வைத்திருந்த மாவு மில்லில் அவள் வேலை பார்த்தாள். காலையில் அரிசி, கேழ்வரகு. வெயில் ஏறிய பிறகு மல்லி. கடைசியில்தான் மிளகாய். மிளகாய் அரைத்த மிஷினில் அரிசியைப் போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சும் கஞ்சியும் காந்தும் என்பதால் வந்த முறை அது. அது தெரியாமல் மத்தியானத்துக்கு மேல் அரிசித் தூக்கோடு வந்து நின்றவர்கள், யாராக இருந்தாலும், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். "நாளைக்கு வாங்க, இல்லன்னா வேற மில்லு பாருங்க" என்று பெரிய வீட்டு அம்மாள்களையே திருப்பி அனுப்பியவள் அவள்.

மிளகாய்த் தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறி ஏறித்தான் அவளுக்கு அந்தக் கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. சுத்தப் பொய். மில்லுக்கு வருவதற்கு முன்பே அவள் அப்படித்தான். கலியாணம் முடிந்து கப்பலில் வந்து இறங்கிய அன்றைக்கே, வாடகைக்குப் பிடித்த அறை சமையல்கட்டை ஒட்டி இருக்கிறது என்று புருஷனிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புருஷன் தனசேகரனுக்குத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் வேலை. கோபத்துக்குப் பதில் கோபப்படத் தெரியாத மனுஷன். அவள் திட்டி முடிக்கும்வரை பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். முடித்ததும், "சரி, சோத்தப் போடு" என்பான்.

கெர்பாவ் ரோட்டில், கீழே கடையும் பின்னால் குடித்தனங்களுமாக இருந்த ஒரு பழைய வீடு அது. நடுவில் வானம் தெரிகிற முற்றம். முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். மாடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மூங்கில் கழிகளை நீட்டித் துணி காயப்போடுவார்கள். மாடி அறை ஒன்றில் வேலாயுதம் என்ற பையன், அப்போது கலியாணமாகாதவன், தனியாகக் குடியிருந்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. சம்பளம் கைக்கு வந்ததும் கேமராவுக்கும் பிலிமுக்கும் கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் பாக்கியம் வீட்டுக் குழம்பு வாசனைக்குக் கீழே இறங்கி வருவான். தனசேகரனை 'அண்ணே' என்றும் அவளை 'அண்ணி' என்றும் கூப்பிட்டான். அவளும் 'தம்பி' என்றுதான் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவதே பெரிய காரியம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, தூக்கிய சரக்கு சங்கிலி அறுந்து விழுந்ததில் தனசேகரன் அடிபட்டுச் செத்துப்போனான். முந்தின நாள்தான் அவனுடைய வெள்ளை முழுக்கைச் சட்டையை அவள் துவைத்திருந்தாள். வேலைக்கெல்லாம் பனியன்தான், அந்தச் சட்டை கோயிலுக்கும் கூட்டத்துக்கும். ஒரு கைப்பொத்தான் தெறித்துப் போயிருந்ததால், கிடைத்த ஒரு கறுப்புப் பொத்தானைத் தைத்திருந்தாள். "கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் பொத்தானத்தான் பாப்பாங்க" என்று அவன் கேலி செய்திருந்தான்.

பிரேதத்தைக் குளிப்பாட்டிப் பெஞ்சில் கிடத்தினார்கள். ஊரில் இருந்த அவன் அம்மாவுக்குப் பிள்ளையின் கடைசி முகத்தைக் காட்டியாக வேண்டும். கடல் கடந்து வந்தவர்கள் எல்லாருக்கும் இருந்த வழக்கம்தான். பிணத்தைச் சுற்றி உறவும் பழக்கமும் நிற்க, ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே அதைப் பார்த்து அழுது, ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடுவார்கள். சுவரில் மாட்ட மாட்டார்கள். வேலாயுதம்தான் அந்தப் படத்தை எடுத்தான். ஒரு காசு வாங்கவில்லை. "அண்ணனுக்கு நான் வேற என்ன செய்யப்போறேன்" என்று கண் கலங்கினான். அந்தக் கலக்கம் உண்மைதான், அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு பெண்கள் அவளை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில், பிணத்தை எடுப்பதற்கு முன்பே தாலி வாங்கிவிடுவார்கள். ஆண்கள் எல்லாரும் வாசலுக்கு, அஞ்சடித் தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். சுமங்கலிகள் அவளைச் சுற்றிச் சேலைகளை விரித்துப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நேரத்து முகத்தை அவர்களும் பார்க்கக் கூடாது. உள்ளே ஒரு விதவைக் கிழவியும் பால் கிண்ணமும் அவளும் மட்டும். நாலு பக்கமும் மறைத்தாயிற்று. மேலே வானம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

கிழவி பின்கழுத்தில் முடிச்சை இழுத்தபோது பாக்கியம் பால் கிண்ணத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையை நிமிர்த்தினாள். மேலே மூங்கில் கழியில் அந்த வெள்ளைச் சட்டை தொங்கியது. ஒரு கை மட்டும் நழுவி, முற்றத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. காய்ந்துவிட்டதே, மழை வருகிற மாதிரி இருக்கிறதே, யாரும் எடுத்து உள்ளே போடவில்லையே என்று நினைத்தாள். தாலி கழுத்தைவிட்டு இறங்கும்போது அவள் நினைத்தது அவ்வளவுதான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொன்னால் கல் நெஞ்சுக்காரி என்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சட்டையைத் தேடினாள். செத்தவன் துணிகளை மூட்டையாகக் கட்டிச் சுடுகாட்டில் வேலை செய்கிறவனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வழக்கம்தான். கழியில் தொங்கியதையுமா என்று கேட்டாள். அதையும்தான் என்றார்கள்.

ஊருக்குத் திரும்பி வா என்று அவளுடைய அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். போய் அவன் பெண்டாட்டிக்கு வேலை செய்ய அவளுக்கு மனமில்லை. காதர் மைதீனின் மில்லில் போய் நின்றாள். பொம்பளைக்கு அந்தத் தூசி ஆகாது என்றார் அவர். "ஆம்பளைக்கு மட்டும் ஆகுமா மொதலாளி?" என்று கேட்டாள். வேலை கிடைத்தது. வேலாயுதம் கலியாணம் செய்துகொண்டு தியோங் பாரு பக்கம் வீடு மாறிப் போனான். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் பாக்கியம் தன் கையால் மிளகாய் காம்பு கிள்ளி, காயவைத்து, மல்லி வறுத்து, அரைத்து, டின்னில் போட்டு அவன் வீட்டுக்கு அனுப்பினாள். எவனும் எதையும் சும்மா செய்யாத ஊரில் சும்மா செய்த ஒருத்தன் என்று அவளுக்கு அவன்மேல் ஒரு மரியாதை. வேறு யாருக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவளுடைய கோபத்தில் பாதி இந்தத் தூளினால் வந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு நாள் சாயங்காலம், மிளகாய் அரைத்து முடிந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்த கண்மணி கச்சாங் பூத்தே வண்டியில் கடலை வாங்கிக்கொண்டு வந்தாள். கடலைக்காரன் பழைய இங்கிலீஷ் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டித்தான் கொடுப்பான். இரண்டு பேரும் மாவு மூட்டையில் உட்கார்ந்து தின்றார்கள். கூம்பு காலியானதும் அடியில் ஒட்டியிருந்த உப்புக்காகக் கண்மணி பேப்பரைப் பிரித்தாள்.

"அக்கா, இது உங்க மூஞ்சி மாதிரியே இருக்குலா" என்று சிரித்தவள், மறு நொடியே பேப்பரைத் தூரப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவள் சுமங்கலி. என்ன படம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பாக்கியம் எடுத்துப் பார்த்தாள். மேலேயிருந்து எடுத்த படம். வட்டமாகச் சேலைகள், வெளியே திரும்பிய தலைகள், நடுவில் ஒரு கிழவியின் கை, அண்ணாந்து பார்க்கும் ஒரு முகம். கிழவியின் விரலில் கயிறு. எண்ணெய் பட்டுப் பேப்பர் ஊறியிருந்ததால் பின்பக்கத்து எழுத்தெல்லாம் அவள் நெற்றியில் தெரிந்தது.

முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "என்ன போட்டிருக்கான் படிங்க" என்றாள். காதர் மைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. பாடாங் பக்கத்து மண்டபத்தில் போட்டோக் கண்காட்சி நடக்கிறது. இந்தப் படத்துக்குத் தங்க மெடல். படத்தின் பெயர், 'கடவுளிடம் ஒரு கேள்வி'. கணவனை இழந்த பெண்ணின் கண்கள் இறைவனைத் தேடுவதை இதைவிட யாரும் காட்ட முடியாது என்று நடுவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தவர் பெயர் கே. வேலாயுதம்.

"கடவுளையா?" என்றாள் பாக்கியம்.

"அப்படித்தாம்மா எழுதியிருக்கான்."

"அன்னைக்கு நான் எங்க கடவுளப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டாள்.

அவமானம் பிறகுதான் வந்தது. நடுத் தெருவில் கடலை தின்கிறவனெல்லாம் அவள் தாலி போகிற முகத்தைப் பிரித்துப் பார்த்து, கையைத் துடைத்து, சாக்கடையில் போட்டிருக்கிறான். அதற்கும் பிறகு தூள் நினைவு வந்தது. எத்தனை தீபாவளி! மேலே நின்று திருடியவனுக்குக் கீழே உட்கார்ந்து காம்பு கிள்ளியிருக்கிறாள்! 'தம்பி' என்ற சொல் அன்றோடு போயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் படம் என்றால் பிடிக்காது என்பதில்லை. முருகன் படம் கும்பிட, காலண்டர் படம் நாள் பார்க்க, பிணத்துப் படம் பெற்றவளுக்கு அனுப்ப. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வேலை உண்டு, வேலை முடிந்ததும் அதற்கு ஒரு இடம் உண்டு. சும்மா நின்று பார்ப்பதற்காகவே ஒரு படம், அதிலும் பார்க்கவே கூடாத ஒன்றைப் பார்ப்பதற்காக ஒரு படம், அதைச் செய்தவனுக்கு மெடல் என்பதெல்லாம் எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளக்க வந்தவர்கள் பேச்சைக் கேட்ட பிறகும் விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பையில் ஒரு பழைய நூல் சேலையை வைத்துக்கொண்டு, கண்மணியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காலையில் அவசர ஆர்டருக்கு மிளகாய் அரைத்திருந்ததால் இரண்டு பேர் துணியிலும் தூள் இருந்தது. மண்டபத்து வாசலில் நின்ற காவலாளி என்ன வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்து, தும்மி, மறுபடி தும்மி, கண்ணைத் துடைப்பதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

கண்மணி தலையைக் குனிந்தபடியே நடந்தாள். பாக்கியம் நிமிர்ந்து நடந்தாள். சுவர் முழுக்கப் படகு, மீன் வலை, சீனக் கிழவனின் சுருக்கம் விழுந்த முகம். கடைசிச் சுவரில், தனியாக விளக்குப் போட்டு, அவள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். தனசேகரனை இவளுக்குத் தெரியுமா? எவன் செத்ததற்கு இவள் அழுகிறாள்? அந்தக் கைக்குட்டையைப் பார்க்கப் பார்க்கப் பாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேலையை உதறி விரித்தாள். ஒரு முனையைக் கண்மணியிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் படத்துக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி நின்றார்கள். எப்படி நிற்பது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

யாராவது சத்தம் போடுவார்கள், பிடித்து வெளியே தள்ளுவார்கள், அப்போது நாலு வார்த்தை நறுக்காகக் கேட்கலாம் என்று காத்திருந்தாள். நடந்ததோ வேறு. டை கட்டிய கண்காட்சிச் செயலாளர் ஒருவர் ஓடி வந்தார். சேலையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "இந்த அம்மாதான்! படத்துல இருக்கறது இவங்கதான்!" என்று இங்கிலீஷில் கூவினார். கூட்டம் கூடியது. அழுதுகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மூன்று பேர் கேமராவைத் தூக்க, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. வாயிலிருந்த நாலு வார்த்தையையும் பாக்கியம் விழுங்கிக்கொண்டாள். திட்டினால் திட்டுகிற முகத்தையும் எடுப்பார்கள்.

அப்போதுதான் வேலாயுதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கோட்டு போட்டிருந்தான்.

"அண்ணி, சேலையக் கீழ எறக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கறதுக்குத்தானே மாட்டி வச்சிருக்க?"

"உங்கள அவமானப்படுத்தணும்னு செய்யல அண்ணி. இது ஆர்ட். இதுல இருக்கறது நீங்க இல்ல. துக்கம். எல்லாப் பொம்பளைங்களோட துக்கம்."

"எல்லாப் பொம்பளைங்களோடதா? தாலி மட்டும் என்னோடதா இருந்துச்சே."

அவன் தலையைக் குனிந்தான்.

"ஆம்பள பாக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? உங்க வீட்டுல யாருக்கும் தாலி வாங்கினதில்லையா?"

"நான் பாக்கல அண்ணி. கேமராவுலதான்..."

"ஏன், உங்க கேமரா பொம்பளையாலா?" என்றாள் கண்மணி, முகத்தைத் திருப்பாமலே.

பாக்கியம் சொன்னாள், "கழட்டு. இப்பவே கழட்டிக் குடு, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"முடியாது அண்ணி. வித்தாச்சு. பேங்க்ல பெரிய வேலையில இருக்கற ஒரு தொரை வாங்கியிருக்காரு. கண்காட்சி முடிஞ்சதும் அவங்க ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போறாரு."

"அங்க எங்க மாட்டுவான்?"

வேலாயுதம் தயங்கினான். "சாப்பாட்டு மேசைக்கு எதிர்ல மாட்டப்போறதாச் சொன்னாரு."

"சோறு திங்கற எடத்துலயா!" என்று கண்மணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் பிடித்திருந்த முனை சரிந்தது. படம் மறுபடி வெளியே வந்தது.

பாக்கியம் சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுக்கு வர்றேன். இதுக்கு மூலமா ஒண்ணு வச்சிருப்பேல்ல, பிலிமு, அது எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, தும்மிக்கொண்டிருந்த காவலாளியைத் தாண்டி வெளியே வந்தாள்.

மறுநாள் பேப்பரில், இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. படத்தைவிட அதை மறைத்தது இன்னும் அழகு என்று யாரோ எழுதியிருப்பதாகக் காதர் மைதீன் வாசித்துச் சொன்னார். மறைத்ததும் கலையாகிவிட்டது! அன்றைக்கு மத்தியானம் அரிசி கொண்டுவந்த ஒரு பெண்ணைப் பாக்கியம் திட்டாமல் திருப்பி அனுப்பினாள். கண்மணிக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தியோங் பாருவில் மாடி ஏறிப் போனாள். வேலாயுதத்தின் மனைவி லீலா கதவைத் திறந்தாள். வீடு முழுக்கச் சாம்பார் வாசனை. பாக்கியம் அரைத்த தூளின் வாசனைதான், அவளுக்குத் தெரியாதா. கூடத்துச் சுவரில் மெடலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான்.

"உக்காருங்க அண்ணி, காப்பி சாப்பிடுங்க."

"பிலிமக் குடு."

"அண்ணி, அது ஒண்ணுதான் இருக்கு. அது போச்சுன்னா போச்சு. இன்னும் வெளிநாட்டுக் கண்காட்சிக்கெல்லாம் அனுப்பணும். இந்த ஊர்ல தமிழன் ஒருத்தனுக்கு இப்படி ஒரு பேரு கெடச்சதில்ல. அத நெனச்சுப் பாருங்க."

பாக்கியம் லீலாவின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா, உன்னச் சுத்தியும் சேலை பிடிப்பாங்க. மேல எவனாவது நிப்பான். அதுக்கும் ஒரு மெடல் குடுப்பாங்க. ஒனக்குச் சம்மதமா?"

லீலாவின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. அவள் உள்ளே போனாள், ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்தாள். வேலாயுதம் "லீலா" என்றான். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "எது?" என்று கேட்டாள். அவன் காட்டவில்லை. அவளே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு துண்டை எடுத்துப் பாக்கியத்திடம் கொடுத்தாள். சமையல்கட்டில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. பாக்கியம் அதைத் தணலில் போட்டாள். அது சுருண்டு, நாற்றமெடுத்து, ஒன்றுமில்லாமல் போயிற்று. சாம்பார் வாசனையும் அந்த நாற்றமுமாக லீலாவின் சமையல்கட்டு புகைந்தது.

வேலாயுதத்துக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பழகிய இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"என்ன எரிச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கிளிக்குன்னு அமுக்கினா வந்துடும்னு நெனச்சீங்களா? இதப் பாருங்க!" என்று அலமாரியிலிருந்து ஒரு பழைய உறையை உருவி, அதிலிருந்த படத்தை மேசையில் போட்டான். "மொதல்ல போட்ட பிரிண்ட் இது. முழுசா இருக்கறது. போட்டோ கிளப்புல பாத்த உடனே தள்ளிட்டாங்க. இந்தா, இந்த மூலையில என்னவோ தொங்கிக்கிட்டுக் கண்ண இழுக்குது, படத்தக் கெடுக்குதுன்னாங்க. வருஷக்கணக்கா யோசிச்சு, அத வெட்டி எடுத்துட்டு, உங்க மொகம் நடுவுல வர்ற மாதிரி பெருசாக்கி, இருட்டறையில எத்தன நாள் கெடந்தேன் தெரியுமா? அதுக்கப்புறம்தான் அது படமாச்சு!"

பாக்கியம் குனிந்து பார்த்தாள். அதே சேலைகள், அதே முகம், இந்தத் தடவை சின்னதாக. மேல் மூலையில், கேமராவுக்கு மிக அருகில், மங்கலாக ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. அதன் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி.

வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "கத்திரிக்கோல் இருக்கா?" என்றாள்.

லீலா கொண்டுவந்து கொடுத்தாள். வேலாயுதம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "வெட்டுங்க. உங்க மொகத்த வெட்டினாத்தான் உங்க மனசு ஆறும்னா வெட்டிக்கங்க" என்றான்.

அவள் முகத்தை வெட்டவில்லை. மூலையை மட்டும் நேராக வெட்டி எடுத்தாள். மீதிப் படத்தை, சேலைகளும் கிழவியும் தாலிக் கயிறும் அண்ணாந்த முகமுமாக, அவன் பக்கம் தள்ளினாள்.

"இது ஒன்னோடது. நீயே வச்சுக்க."

வேலாயுதம் அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். "அதுல ஒண்ணுமே இல்லையே அண்ணி!"

சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கும் ஒரு தலைப்பு வைத்து மாட்டிவிடுவான். துண்டைப் பையில் வைத்துக்கொண்டு, காப்பியைத் தொடாமல், படி இறங்கினாள். அந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்குத் தூள் போகவில்லை. லீலாவே ஒரு நாள் மில்லுக்கு வந்து வரிசையில் நின்று, மற்றவர்களைப் போல அரைத்து வாங்கிக்கொண்டு போனாள். பாக்கியம் அவளைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

அறுபத்தாறில் குவீன்ஸ்டவுனில் அவளுக்கு வீடு கிடைத்தது. ஒரே அறை, ஆனால் சுவர்கள் எல்லாம் அவளுடையவை. முருகன் படத்தை மாட்டினாள், அதன் பக்கத்தில் அந்தத் துண்டைச் சின்னச் சட்டம் போட்டு மாட்டினாள். இரண்டாம் நாள், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அல்போன்சம்மாள் சர்க்கரை கடன் கேட்க வந்தவள், அதைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க இது? படம் சரியா விழலையே. ஏதோ துணி மாதிரி மங்கலா இருக்கே."

"சரியாத்தான் விழுந்திருக்கு" என்றாள் பாக்கியலட்சுமி. "சர்க்கரைக்குக் கிண்ணம் கொண்டாந்தீங்களா?"